கிளிப்லெஸ் பெடலும் கீழே விழுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷூவின் அடியில் திருகிய க்ளீட் என்ற சிறு துண்டு, சைக்கிள் பெடலில் 'டக்' என்ற ஓசையுடன் பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலுக்கு மாறுபவர்களில் பலர் தொடக்க நாட்களில் ஒரு முறையாவது கீழே விழுகிறார்கள். சிக்னலிலோ வீட்டு வாசலிலோ, வண்டி ஏறக்குறைய நின்றுவிட்ட நிலையில், பலர் பார்க்க ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும் அந்த விழுதலைப் பற்றியவையே கீழ்க்காணும் கேள்விகளில் பெரும்பாலானவை.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் விழாத நான், வண்டி நின்றதும் விழுவது ஏன்?

ஓடுகிற சைக்கிள் இடப்பக்கம் சாயத் தொடங்கினால், ஓட்டுபவர் தம்மை அறியாமலேயே ஹேண்டில்பாரை இடப்பக்கம் சற்றுத் திருப்புகிறார். சக்கரங்கள் நகர்ந்து உடலின் எடைக்கு நேர் கீழே வந்துவிட, வண்டி நிமிர்கிறது. ஒவ்வொரு நொடியும் நடந்துகொண்டிருக்கும் இந்தத் திருத்தத்துக்கு வண்டி முன்னோக்கி உருண்டுகொண்டிருக்க வேண்டும். வேகம் நடை வேகத்துக்கும் கீழே இறங்கும்போது ஹேண்டில்பாரை எவ்வளவு திருப்பினாலும் பலன் குறைந்துகொண்டே வந்து, வண்டி நிற்கும் கணத்தில் அடியோடு இல்லாமல் போகிறது. அதன்பின் இருக்கும் ஒரே தாங்கல் தரையில் ஊன்றிய கால்தான். அந்தக் கால் அப்போது பெடலில் பூட்டியிருக்கிறது.

ஆகவே பெரும்பாலான விழுதல்களுக்குப் பெடலின் கோளாறும் காரணமில்லை, ஓட்டுபவருக்குச் சமநிலை போதவில்லை என்பதும் காரணமில்லை. வேலைகளின் வரிசை மாறிப்போவதே காரணம். சாதாரண பெடலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காலை எடுத்து ஊன்றுவது சிறு வயது முதல் ஊறிய பழக்கம். கிளிப்லெஸ் பெடலிலோ காலை எடுத்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். பழைய வரிசை உடம்பில் இருக்கும்வரை, எவ்வளவு நல்ல பெடல் வாங்கினாலும் இந்த ஆபத்து நீங்காது.

நின்ற வண்டியிலிருந்து விழுந்தால் அடி படாது என்று நினைப்பவர்களும் உண்டு. சீட்டில் அமர்ந்திருப்பவரின் இடுப்பு தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அந்த உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது ஏறக்குறைய மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். சிராய்ப்போடு எழுந்து போவோர்தான் அதிகம் என்றாலும், மணிக்கட்டையும் கழுத்துப்பட்டை எலும்பையும் முறித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

காலை மேலே இழுத்தால் ஏன் வருவதில்லை?

வரக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். க்ளீட்டின் முன்முனை பெடலின் முன்பக்கத்துக் கொக்கிக்குள் நுழைகிறது. பின்முனையை ஸ்பிரிங்கால் இறுக்கப்பட்ட மற்றொரு கொக்கி கவ்விப் பிடிக்கிறது. மேல்நோக்கி இழுத்தால் இரண்டு கொக்கிகளும் அப்படியே பிடித்துக்கொள்ளும். குதிகாலை வெளிப்புறமாக, அதாவது வண்டியிலிருந்து விலகும் திசையில் திருப்பினால்தான் க்ளீட்டின் விளிம்பு பின் கொக்கியைத் தள்ளித் திறக்கும். முழங்காலுக்கு இடம் கொடுப்பதற்காகப் பல க்ளீட்களில் சில பாகை தளர்வு வைத்திருப்பார்கள். அந்தத் தளர்வைக் கடந்த பிறகே ஸ்பிரிங்கின் எதிர்ப்பு தெரியும் என்பதால், கால் சும்மா ஆடுவதைக் கழன்றுவிட்டதாக எண்ணி ஏமாறுவதும் நடக்கிறது. ஓசை கேட்டுக் கால் விலகிய பிறகே கழன்றது என்று கொள்ள வேண்டும்.

பதற்றத்தில் மனிதக் கால் மேலே அல்லது பின்னால்தான் போகும், பக்கவாட்டில் திரும்பாது. பயிற்சி என்று இங்கே சொல்வதெல்லாம் இந்த இயல்பை மாற்றுவதற்குத்தான்.

இந்தப் பெடல் வருவதற்கு முன்பு ஓட்டியவர்கள் இப்படி விழவில்லையா?

விழுந்தார்கள். முன்பு பந்தய வீரர்கள் கால்விரலைச் சுற்றிய கம்பிக் கூண்டையும் தோல் பட்டையையும் பயன்படுத்தினார்கள். பட்டையை இறுக்கியிருந்தால், நிற்பதற்கு முன்பு குனிந்து கையால் தளர்த்த வேண்டும். 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் கொண்டுவந்த பூட்டுப் பெடலிலும் ஒரு நெம்புகோலைக் கையால் தள்ளினால்தான் கால் விடுபடும். பனிச்சறுக்குக் காலணிகளுக்குப் பூட்டு செய்துவந்த பிரான்ஸின் லுக் நிறுவனம், குதிகாலைத் திருப்பினாலே விடுபடும் பெடலை 1984இல் வெளியிட்டது. மறு ஆண்டு பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதைக் கொண்டு டூர் டி பிரான்ஸை வென்றபின் பட்டைகள் பந்தயங்களிலிருந்து மறையத் தொடங்கின. நடப்பதற்கும் ஏற்ற சிறிய உலோக க்ளீட்டைக் கொண்ட எஸ்பிடி பெடலை ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1990இல் கொண்டுவந்தது. முந்தைய ஏற்பாடுகளோடு ஒப்பிட்டால் இன்றைய பெடலே கால் எளிதில் விடுபடக் கூடியது.

2022 ஜூன் 18 அன்று, அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன், டெலவேர் மாநிலத்தின் ரெஹோபோத் பீச் அருகே கூடியிருந்தவர்களைப் பார்த்து வண்டியை நிறுத்தியபோது கால் சிக்கிச் சாய்ந்து விழுந்தார். அவருடைய பெடலில் இருந்தது பழைய பாணிக் கூண்டு. வண்டி நின்றது, கவனம் எதிரே இருந்தவர்களிடம் போனது, கால் வரவில்லை என்ற அதே வரிசையை அங்கும் காணலாம். தெரிந்தவரைப் பார்த்துக் கையசைத்தபடி நிறுத்தும் இடம் எந்த ஊரிலும் ஆபத்தான இடம்தான்.

எந்தக் காலை முதலில் எடுக்க வேண்டும்?

இந்தியாவிலும் இலங்கையிலும் இடக்காலை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுவதால், இடப்பக்கம் சாய்ந்தால் சாலையோரத்தில் விழுவோம். வலப்பக்கம் சாய்ந்தால் பின்னால் வரும் பேருந்தின் பாதையில் விழுவோம். சாலையின் நடுப்பகுதி சற்று உயர்ந்து ஓரம் தாழ்ந்திருப்பதால் நின்ற வண்டியும் இயல்பாக இடப்பக்கமே சாய விரும்பும். செயினும், கியரை மாற்றும் பின் டெரெய்லரும் வலப்பக்கம் இருப்பதால் அந்தப் பக்கம் விழுந்தால் அவை அடிபடும் என்பது மூன்றாவது காரணம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் சாலைகளில் பல இடங்களில் தாரின் விளிம்பு முடியும் இடத்தில் மண் நாலைந்து விரற்கடை பள்ளமாக இருக்கும். தாருக்கு வெளியே காலை நீட்டினால், தரை இருக்கும் என்று எண்ணிய உயரத்தில் தரை இருக்காது. கால் எட்டுவதற்குள் வண்டி மீட்க முடியாத அளவுக்குச் சாய்ந்துவிடும். ஆகவே விளிம்பை ஒட்டி நிறுத்தாமல், கால் தாரின் மேலேயே ஊன்றும்படி ஒரு முழமாவது உள்ளே நிறுத்த வேண்டும்.

எந்தக் காலானாலும் எப்போதும் அதே காலை எடுப்பது முக்கியம். ஆபத்து நேரத்தில் எந்தக் கால் என்று யோசிக்க அவகாசம் கிடைக்காது. மறு காலையும் பழக்கி வைத்திருக்கலாம்; அது மாற்று ஏற்பாடாக மட்டும் இருக்கட்டும்.

இடக்காலை எடுத்துவிட்டேன், வண்டி வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. இது எப்படி நேர்கிறது?

அனுபவமுள்ளவர்கள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். இடக்காலைப் பெடலிலிருந்து விலக்கி வெளியே நீட்டும்போது உடல் தன்னைச் சமன் செய்ய வலப்பக்கம் நகர்கிறது. வலக்கால் பெடலின் மேல் அழுத்துவதால் எடையும் அந்தப் பக்கம் போகிறது. பிறகு வலக்காலை விடுவிக்க நேரம் இருப்பதில்லை.

தீர்வு எளியது, ஆனால் முதலில் கேட்பவர்களுக்கு நேர்மாறாகத் தோன்றும். கடைசி ஓர் அடி தூரத்தில், வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே ஹேண்டில்பாரைச் சற்றே வலப்பக்கம் திருப்புங்கள். முன் சக்கரம் வலப்பக்கம் நகர, உடலின் எடை இடப்பக்கம் தங்கிவிடும். வண்டி தானாகவே இடக்காலை நோக்கிச் சாயும். அதோடு, சீட்டில் அமர்ந்தபடியே கால் விரல் நுனியால் தரையைத் தேடாமல், வலப் பெடல் கீழே இருக்கும் நிலையில் சீட்டிலிருந்து முன்னோக்கி இறங்கி, இடப்பாதத்தை முழுவதுமாக ஊன்ற வேண்டும்.

சாலைக்குப் போகுமுன் எப்படிப் பழகுவது?

முதல் நாள் சுவரோரம் நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வண்டியில் அமர்ந்தபடி ஒவ்வொரு காலையும் பூட்டுவதும் விடுவிப்பதுமாகச் செய்யுங்கள். பெடல் சுற்றின் அடிப்பகுதியில் இருக்கும்போது குதிகால் தடையின்றித் திரும்புவதை அப்போதே உணர்ந்துகொள்ளலாம். கீழே பார்க்காமல் செய்ய வரும்வரை இதைத் தொடர வேண்டும்.

அடுத்த கட்டத்துக்குப் புல் தரை வேண்டும். ஆட்டக்காரர்கள் வருமுன் விடியற்காலையில் கிரிக்கெட் மைதானத்தின் ஓரம் கிடைத்தால் போதும். குறைந்த கியரில் மெதுவாக ஓட்டி, ஒரு மரத்தையோ கல்லையோ குறியாக வைத்து, அதற்குப் பத்து மீட்டர் முன்னதாகவே காலை விடுவித்து, விடுவித்த காலைப் பெடலின் மேல் வெறுமனே வைத்தபடி உருண்டு வந்து நிறுத்துங்கள். சீட்டை ஒரு விரற்கடை தாழ்த்திக்கொண்டால் கால் உறுதியாக எட்டும், பழகியபின் உயர்த்திக்கொள்ளலாம். வீட்டுக்குள் டிரெய்னரில், அதாவது வண்டியை அசையாமல் நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கியில், வைத்துப் பழகுவது குதிகால் அசைவை மட்டுமே கற்றுத்தரும். சாயாத வண்டியில் சாய்வைக் கையாளக் கற்க முடியாது.

சாலைக்கு வந்தபின் ஒரே விதி போதும்: நிற்க வேண்டியிருக்கலாம் என்று தோன்றினாலே காலை எடுத்துவிட வேண்டும். சிக்னல் மஞ்சளுக்கு மாறும் இடம், தெரு நாய்கள் படுத்திருக்கும் திருப்பம், முன்னே போகும் ஷேர் ஆட்டோ ஆளைக் கண்டதும் ஓரங்கட்டும் நிறுத்தம் எல்லாம் இதில் அடங்கும். நிற்காமலே கடந்துபோக நேர்ந்தால் மீண்டும் பூட்டிக்கொள்ளலாம்.

கிளம்பும்போதுதான் எனக்குத் தடுமாற்றம். என்ன செய்வது?

வண்டி நகரத் தொடங்கிய உடனேயே இரண்டாவது காலையும் பூட்டிவிட வேண்டும் என்ற அவசரம்தான் காரணம். பூட்டிய காலை மேலே கொண்டுவந்து ஓங்கி ஒரு மிதி மிதித்தால் சில மீட்டர் உருளக் கிடைக்கும். பெடல் வாகாக வரவில்லை என்றால் இரண்டாவது காலின் நடுப்பாதத்தால் மிதித்துக்கொண்டே சாலைச் சந்திப்பைக் கடந்து, பிறகு பூட்டலாம். குனிந்து பெடலைத் தேடாதீர்கள். நிறுத்துவதற்கு முன்பே குறைந்த கியருக்கு மாற்றிவிட்டால் கிளம்புவதில் பாதிச் சிரமம் இராது.

ஸ்பிரிங்கை எவ்வளவு தளர்த்தலாம்?

ஷிமானோ வகைப் பெடல்களின் பின்புறம் சிறிய ஸ்க்ரூ ஒன்று இருக்கும். ஆலன் கீ கொண்டு திருப்பி இறுக்கத்தை மாற்றலாம். புதியவர்கள் அதைக் குறைந்தபட்ச அளவில் வைக்க வேண்டும். ஸ்க்ரூ கழன்று வரும் அளவுக்குத் திருப்பிவிடாமல், பக்கத்தில் உள்ள அளவுக் குறி அதன் எல்லைக்குள் நிற்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருபுறமும் பூட்டும் எஸ்பிடி பெடலில் ஒவ்வொரு புறத்துக்கும் தனி ஸ்க்ரூ என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு ஜோடிக்கு மொத்தம் நான்கு ஸ்க்ரூ. மூன்றைத் தளர்த்தி ஒன்றை விட்டுவிட்டால், என்றைக்கோ ஒரு நாள் அந்த ஒரு புறம் மேலே வரும்போது கால் வராது. கிராங்க்பிரதர்ஸ் நிறுவனத்தின் பெடல்களில் இறுக்கத்தை மாற்ற வழியில்லை. இடக் க்ளீட்டையும் வலக் க்ளீட்டையும் இடம் மாற்றிப் பொருத்தினால் விடுபடும் கோணம் மட்டும் மாறும்.

எந்த வகை க்ளீட்டில் விழும் வாய்ப்பு குறைவு?

எஸ்பிடியில் இரண்டு வகை க்ளீட்கள் கிடைக்கின்றன. வழக்கமாகப் பெடலோடு வரும் எஸ்எச்51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். எஸ்எச்56 என்பது கோணலாக மேலே இழுத்தாலும் விடும்; பதற்றத்தில் கால் செய்யும் இயல்பான அசைவுக்கே திறந்துகொள்வதால் தொடக்கக்காரர்களுக்கும் நகரத்துக்குள் ஓட்டுபவர்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன். எழுந்து நின்று வேகமாக மிதிக்கும்போது கழன்றுவிடக்கூடும் என்பது அதன் குறை.

மூன்று போல்ட்டில் பொருத்தும் பெரிய பிளாஸ்டிக் க்ளீட்கள் சாலைப் பந்தயத்துக்குரியவை. அவற்றோடு விழும் இன்னொரு விழுதல், வண்டியை விட்டு இறங்கிய பிறகு நடக்கிறது. காலைச் சவாரி முடிந்து டிபன் சாப்பிட ஓட்டலுக்குள் நுழையும்போது, அப்போதுதான் ஈரத்துணி போட்ட டைல்ஸ் தரையில் அந்த க்ளீட் வழுக்கும் வழுக்கல், சிக்னலில் விழுவதைவிட மோசமானது. ப்ரெவே எனப்படும், நேர வரம்புள்ள நெடும்பயணங்களில் 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வழியில் பல முறை இறங்கி நடக்கவும் வேண்டும். க்ளீட் அடிப்பாகத்துக்குள் அமிழ்ந்திருக்கும் எஸ்பிடி ஷூ அங்கே எல்லா வகையிலும் வசதி.

இந்தப் பெடல் எனக்குத் தேவைதானா?

வேகமாக மிதிக்கும்போதும் மேடுபள்ளத்தில் குதிக்கும்போதும் பாதம் ஒரே இடத்தில் நிற்கும் என்பதே இதன் உறுதியான பயன். மேல்நோக்கி இழுத்துப் பெரும் சக்தி பெறலாம் என்பது மிகைப்படுத்திய பேச்சு. பயிற்சி பெற்றவர்களும் பெரும்பாலும் கீழ்நோக்கி மிதித்தே வண்டியை நகர்த்துகிறார்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கும், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் வயதில் இருப்பவர்களுக்கும், சிறு ஊசிகள் பதித்த அகலமான தட்டைப் பெடலும் பிடிமானமுள்ள ஷூவும் போதும். கடைக்காரரோ குழு நண்பர்களோ வற்புறுத்துகிறார்கள் என்பதற்காக மாற வேண்டியதில்லை.

மலை ஏற்றத்தில் நின்றுபோனால்?

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ, வளைவின் உட்புறம் செங்குத்தாக எழும் இடத்தில் கியர் தீர்ந்து, மிதி நின்று, வண்டி அசையாமல் போகும் ஒரு கணம் வரும். அந்தக் கணத்தில் இரு கால்களும் முழு பலத்தோடு பெடலை அழுத்திக்கொண்டிருப்பதால் குதிகாலைத் திருப்ப வராது. மிதி கனக்கத் தொடங்கியதுமே, இன்னும் இரண்டு சுற்று மிதிக்கத் தெம்பு இருக்கும்போதே, ஒரு காலை எடுத்துவிட வேண்டும். எதிரே எதுவும் வரவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தால் ஒழிய, சாலையின் குறுக்கே வளைந்து ஓட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

குதிகாலைச் சரியாகத் திருப்பியும் கால் வரவில்லை. ஏன்?

இதை ஒரே நாள்கூடத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். எஸ்பிடி க்ளீட்டை இரண்டு போல்ட்கள் பிடித்திருக்கின்றன. அவற்றில் ஒன்று கழன்று விழுந்துவிட்டால், நீங்கள் திருப்பும்போது ஷூ மட்டும் மீதமுள்ள போல்ட்டை அச்சாகக் கொண்டு சுழலும். க்ளீட் பெடலிலேயே அசையாமல் இருக்கும். எவ்வளவு திருப்பினாலும் விடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை உணர்ந்தால் நிறுத்த முயலாமல் மெதுவாக உருண்டபடி மறுகாலை எடுத்து, அந்தப் பக்கம் சாய்த்து நிறுத்துங்கள். பிறகு சிக்கிய ஷூவின் பட்டையையோ திருகையோ தளர்த்திப் பாதத்தை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். ஷூ பெடலில் தொங்கட்டும்.

புதிய க்ளீட் பொருத்தும்போது போல்ட்டின் மரையில் சிறிது கிரீஸ் தடவி, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, முதல் சில சவாரிகளுக்குப் பிறகு மீண்டும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். மழைக்காலக் களிமண்ணும், க்ளீட்டின் பள்ளத்தில் செருகிக்கொள்ளும் மிளகளவு ஜல்லியும்கூடப் பூட்டைக் கெடுக்கும். வண்டியை விட்டு இறங்கி நடந்தபின் ஷூவின் அடியைப் பெடலின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஏறுவது நல்ல பழக்கம்.

ஓடும்போதே கால் தானாகக் கழன்றுவிட்டால்?

தேய்ந்த க்ளீட் அல்லது மிகத் தளர்ந்த ஸ்பிரிங் காரணமாக இருக்கும். நின்றுகொண்டு முழு பலத்தோடு மிதிக்கும்போது நேர்ந்தால் இந்த விழுதல் வேகமானது, அடியும் பெரிது. பிளாஸ்டிக் க்ளீட்டின் நிற முனைகள் தேய்ந்து அடியிலுள்ள வேறு நிறம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

விழப்போவது உறுதியாகிவிட்டது. அந்த நொடியில் என்ன செய்யலாம்?

கையை நீட்டித் தரையைத் தடுக்க முயல வேண்டாம். விறைத்து நீட்டிய கைதான் மணிக்கட்டையும், மேலே கழுத்துப்பட்டை எலும்பையும் முறிக்கிறது. இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, தாடையை மார்போடு ஒட்டி, தொடையின் பக்கவாட்டிலும் தோளின் பின்புறத்திலும் அடி பரவும்படி வண்டியோடு சேர்ந்தே விழுவது மேல். சொல்வது எளிது, பலருக்கும் கை தானாக நீளும். தலை கடைசியாகத் தரையைத் தொடக்கூடும் என்பதால் ஹெல்மெட் இல்லாமல் மைதானத்தில்கூடப் பழகாதீர்கள்.

விழுந்தபின் உடலில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சாலையை விட்டு ஓரத்துக்கு வாருங்கள். வெட்கத்தில் உடனே வண்டியில் ஏறிப் புறப்படாதீர்கள். தலையில் அடிபட்டிருந்து தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி, மயக்கம், குழப்பம் இருந்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிராய்ப்பைச் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு மண் போகக் கழுவி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மணிக்கட்டு வலியைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. கட்டைவிரலை விரித்து உயர்த்தினால் அதன் அடியில் ஒரு சிறு குழி தோன்றும்; அந்தக் குழியில் அழுத்தும்போது வலித்தால், ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பு முறிந்திருக்கலாம். இந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. சந்தேகம் இருந்தால் மருத்துவர்கள் கையை அசையாமல் கட்டி, பத்துப் பதினான்கு நாள் கழித்து மீண்டும் படம் எடுக்கச் சொல்வார்கள், அல்லது எம்ஆர்ஐ எடுப்பார்கள். ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு என்பதால் கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகக்கூடும். சுளுக்கு என்று முடிவுகட்டி எண்ணெய் போட்டு உருவிவிடுவதை, எலும்பு முறியவில்லை என்று உறுதியாகும்வரை தவிருங்கள்.

வண்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் பின் டெரெய்லரைப் பாருங்கள். அதை ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கர், அடிபட்டால் தான் வளைந்து ஃபிரேமைக் காப்பாற்றுவதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டது. வண்டியின் பின்னால் குனிந்து நின்று பார்த்தால், டெரெய்லரின் இரு சிறு சக்கரங்களும் மேலுள்ள பல்சக்கரத்துக்கு நேர் கீழே ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கீழ்முனை சக்கரத்தை நோக்கி உள்ளே ஒதுங்கியிருந்தால் ஹேங்கர் வளைந்துவிட்டது. அந்த நிலையில் மிகப் பெரிய பல்லுக்குக் கியரை மாற்றினால் டெரெய்லர் ஸ்போக்ஸில் மாட்டிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். நடுக் கியரிலேயே மெதுவாக வீடு சேர்ந்து, மெக்கானிக்கிடம் நேராக்கச் சொல்லலாம். மாற்று ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால், ஒன்றை முன்பே வாங்கி வைத்திருப்பது நல்லது.

அதன்பின் முன் சக்கரத்தைக் கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் லீவர் உள்பக்கம் திரும்பியிருந்தால் நிமிர்த்தி, இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா, சக்கரங்கள் உரசாமல் சுற்றுகின்றனவா என்று சோதியுங்கள். கார்பன் ஃபிரேமோ ஹேண்டில்பாரோ தரையில் மோதியிருந்தால், மேற்பூச்சில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் அதன்மேல் ஓட்டாமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தரையில் மோதிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். உள்ளிருக்கும் தெர்மாக்கோல் போன்ற அடுக்கு ஒரு முறை நசுங்கிவிட்டால் மறுமுறை அதே அளவு அடியைத் தாங்காது.